துண்டுக் கம்பி ஏழு மாசமா ஆடுது. அவரைக் குறை சொல்வது தப்பா?

வலதுகை:
சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் நாலறை வீடு. எனக்கு 46 வயசு. போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கையும் இடது காலும் பாதிதான் பேச்சு கேட்கின்றன. நாலு கால் ஊன்றுகோலை வைத்து வீட்டுக்குள் நடக்கிறேன். கணவர் கப்பல் பட்டறையில் பராமரிப்பு மேற்பார்வையாளர். நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூணாவது பதிலிலேயே யாராவது ‘விட்டுட்டு வந்துடு’ என்பீர்கள்.

கழிவறையில் துண்டு மாட்டும் கம்பி ஒன்று இருக்கிறது. உட்கார்ந்து எழ நான் பிடிப்பது அதைத்தான். ஏழு மாசமாக ஆடுகிறது. எப்போது கேட்டாலும் “ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்” என்பார். போன மாசம் ஒருநாள் துளைக்குள் பல்குத்தும் குச்சி ரெண்டைச் செருகி, அதன்மேலேயே ஸ்குருவைத் திருகிவிட்டார். பத்து நாள் நின்றது. செவ்வாய்க்கிழமை கம்பி கையோடு வந்துவிட்டது. மடி நிறைய வெள்ளைத் தூள். விழவில்லை, அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அத்தை கதவைத் தட்டி “என்னம்மா சத்தம்?” என்றார். “ஒண்ணுமில்ல அத்தை” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

சமையலறைக் குழாய்க்கு உருண்டைப் பிடி. ஒரு கையால், அதுவும் ஈரக்கையால், இறுக்கி மூட வரவில்லை. ராத்திரி முழுக்கச் சொட்டுகிறது. ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டால் முகம் மாறிவிடும். “நான் இருக்கறப்ப வெளியாள் எதுக்கு?”

இது சோம்பலா, அலட்சியமா, வேறு ஏதாவதா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் ராணி:
அலட்சியம். வேற பேரு கிடையாது. வாத்தியார் பிள்ளை மக்குங்கற மாதிரி, கப்பலுக்கே பராமரிப்பு பாக்கறவர் வீட்டுல ஒரு ஸ்குரு நிக்க மாட்டேங்குது. தானும் செய்ய மாட்டார், செய்யறவனையும் உள்ளே விட மாட்டார். எனக்குக் கோபம் வர்றது அந்த ரெண்டாவதுக்குத்தான் அக்கா.

ஷிஃப்ட் மாமா:
ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்டுட்டுத் தீர்ப்பு சொல்லாதீங்க. நானும் பட்டறையில இருந்தவன்தான். 12 மணி நேர வேலை, வெயில், இரும்பு. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழட்டவே பத்து நிமிஷம் ஆகும். சரி, அந்த வீட்டுல சமையல் யாரு? துணி யாரு? பிசியோவுக்குக் கூட்டிட்டுப் போறது யாரு? அதைக் கேட்டீங்களா ராணி?

வலதுகை:
கேட்டது நியாயம் மாமா. காலைச் சாப்பாடு, துணி, பலதுறை மருந்தகம், எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலை தேய்த்துக் குளிப்பாட்டுவதும் அவர்தான். காதுக்குள் தண்ணீர் போகாமல் உள்ளங்கையை வைத்து மறைப்பார். அதனால்தான் எனக்குப் புரியவில்லை.

ஷிஃப்ட் மாமா:
பாத்தீங்களா? இப்படிப்பட்ட மனுஷனைப் போய் அலட்சியம்னா எப்படி? எல்லாத்தையும் ஒரே ஆள் சுமந்தா ஏதாவது ஒண்ணு கீழே விழத்தான் செய்யும்.

உட்லண்ட்ஸ் ராணி:
விழப்போறது கம்பி இல்ல மாமா, அக்கா. தலை தேய்ச்சு விடறதையும் ஸ்குருவையும் ஏன் ஒரே தராசுல வைக்கிறீங்க? அது பிரியம், இது பாதுகாப்பு. ஒண்ணு இருக்கறதால இன்னொண்ணைக் கழிச்சுக்க முடியாது. அதோட ஒண்ணைக் கவனிங்க, அவர் செய்யறது எல்லாமே அவர் கையால செய்யறது. அக்கா தானா செஞ்சுக்க வழி பண்ற வேலை மட்டும் ஏழு மாசமா நிக்குது. குழாய்ப் பிடியை மாத்தினா அக்கா தானா பாத்திரம் கழுவுவாங்க. கம்பி போட்டா யாரையும் கூப்பிடாம எழுந்துப்பாங்க. யோசிச்சுப் பாருங்க.

குழாய்க்காரன்:
சண்டையை அப்புறம் போடுங்க. முப்பது வருஷம் இதே வேலை பாத்தவன் சொல்றேன்.

துண்டுக் கம்பி துண்டுக்குத்தான். மனுஷன் எடைக்கு அதைச் செய்யறது இல்ல. அவர் ஒழுங்கா மாட்டியிருந்தாலும் ஒருநாள் வந்திருக்கும். அதுல குச்சி வேற. அது ஈரத்துல ஊறிப் பஞ்சாயிடும்.

கம்பி போடறதுக்கு முன்னாடி டைலை விரல் முட்டியால தட்டிப் பாருங்க. வெத்துச் சத்தம் வந்தா டைல் சுவரை விட்டுப் பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அங்க போடாதீங்க. உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் பிடி கடையில அழகா தொங்கும், முழு எடையைப் போட்டு எழ அதை நம்பாதீங்க. உங்களுக்கு நல்ல கை வலது. உட்கார்ந்தா வலது கைக்கு எட்டற சுவர்ல வரணும். இப்ப இருக்கற துண்டுக் கம்பி எந்தப் பக்கம்?

குழாய்க்கு நீளப் பிடி வச்சது வாங்குங்க. முழங்கையால தள்ளினாலே மூடும். வாஷர் தேஞ்சிருக்கும், அதையும் சேத்து மாத்தணும்.

இன்னொண்ணு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுல சீரமைப்பு வேலையை ஞாயித்துக்கிழமையும் பொது விடுமுறையிலும் செய்யக் கூடாது. டைல் உடைக்கிற மாதிரி சத்தமான வேலைன்னா வார நாள்ல 9 மணியிலேர்ந்து 5 மணி வரைக்கும்தான்.

வலதுகை:
கம்பி இடது பக்கம் இருக்கிறது அண்ணா. உடம்பைத் திருப்பித்தான் பிடிப்பேன்.

உட்லண்ட்ஸ் ராணி:
அப்ப ஏழு மாசமா அவர் சொன்ன ‘ஞாயித்துக்கிழமை’, வேலையே செய்யக் கூடாத நாள்!! பட்டறை மேற்பார்வையாளருக்கு இது தெரியாதா?

ஷிஃப்ட் மாமா:
ரெண்டு ஓட்டை போடறதுக்கு யாரும் புகார் கொடுக்கப் போறதில்ல. சும்மா பெருசாக்காதீங்க.

சமையல் நான்தான்:
எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் மனைவிக்கு முடக்குவாதம். நானும் அந்தக் கணவர்தான். கம்பியை வாங்கியே வந்துவிட்டேன். பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் நாலு மாசம் கிடந்தது. நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்தது. சுவரில் அது ஏறிவிட்டால் ‘இனிமேல் இப்படித்தான்’ என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். வெளியாள் வந்து போட்டாலும் அதே கதைதான், அதனால் அவரையும் விடவில்லை. சகோதரியின் கணவரும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. இப்படியும் ஒன்று உண்டு, அவ்வளவுதான்.

உட்லண்ட்ஸ் ராணி:
உண்மையைச் சொன்னதுக்கு நன்றி அண்ணா. ஆனா ஒண்ணு கேக்கறேன், உங்க பயத்துக்கு அவங்க இடுப்பெலும்பு ஜாமீனா?

சமையல் நான்தான்:
இல்லை. அவள் ஒருநாள் குளியலறை வாசல் படியில் இடறினாள். மறுநாள் போட்டேன். இடறும் வரை காத்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை.

வலதுகை:
ஜாமீன் என்றதும் சிரித்துவிட்டேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்கு யாராவது வந்தால் என் ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பார். இடிக்கிறது என்பார். இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஷிஃப்ட் மாமா:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மனசு விட்டுப் பேசுங்க. ஆம்பளைக்கு அழத் தெரியாது, தள்ளிப் போடத்தான் தெரியும்.

உட்லண்ட்ஸ் ராணி:
பேசட்டும். நல்லாப் பேசட்டும். பேசி முடிக்கற வரைக்கும் அக்கா எதைப் பிடிச்சு எழணும்? 2018ல வந்த எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களுக்கான சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல கவனிக்காம விடறதும் வருது, தெரியுமா?

ஷிஃப்ட் மாமா:
துண்டுக் கம்பிக்குச் சட்டமா! நல்லா இருக்கு. குடும்பத்தை இப்படித்தான் பிரிக்கறது.

வலதுகை:
ராணி, அந்தச் சட்டம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாதவர்களுக்கு. ஒற்றை விரலில் இவ்வளவு தட்டி, உங்களோடு வாதாடவும் செய்கிற எனக்கு இல்லை. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தோ பாயோ டீச்சர்:
மூத்தோர் இருக்கும் வீடுகளுக்கான ஈஸ் (EASE) திட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? 2012லிருந்து இருக்கிறது. வீவக வீட்டில் கைப்பிடிக் கம்பி, கழிவறைத் தரைக்கு வழுக்காத பூச்சு, தேவைப்பட்டால் சாய்தளம். நாலறை வீட்டுக்கு அரசாங்கம் 92.5 விழுக்காடு கொடுக்கிறது. வீவக நியமித்த குத்தகையாளரே வந்து பார்த்துப் போடுவார். எங்கள் அம்மாவுக்குப் போட்டோம்.

வலதுகை:
முன்பே பார்த்தேன் டீச்சர். 65 வயது ஆகியிருக்க வேண்டும், அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படுபவர் என்றால் 60. எனக்கு 46.

தோ பாயோ டீச்சர்:
முதல் பதிவில் அத்தை கதவைத் தட்டினார் என்று எழுதினீர்களே. அவருக்கு என்ன வயது?

வலதுகை:
71.

இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்?

ஷிஃப்ட் மாமா:
அத்தை பேரைச் சொல்லி மருமகளுக்கு வாங்கறது ஏமாத்து இல்லையா? கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க.

தோ பாயோ டீச்சர்:
71 வயது அம்மா அதே கழிவறைக்குத்தானே போகிறார்? திட்டம் அந்த வீட்டில் மூத்தவர் இருக்கிறாரா என்றுதான் பார்க்கிறது. இதில் ஏமாற்று எங்கே வந்தது? வீட்டில் உங்கள் பெயரும் இருந்தால் நீங்களே சிங்பாஸில் (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளக் கணக்கு) விண்ணப்பிக்கலாம் வலதுகை. அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

குழாய்க்காரன்:
டீச்சர் சொல்றது சரி. ஆனா குழாய் ஈஸ்ல வராது. அது உங்க செலவு. உட்லண்ட்ஸ் ராணி மாதிரி ஒரு ஆளைக் கூட்டிட்டு ஹார்ட்வேர் கடைக்குப் போங்க, விலை தானா இறங்கும்.

சமையல் நான்தான்:
கருவிகளுக்குத் தனி உதவி உண்டு, உடற்குறையுள்ளோருக்கான எஸ்ஜி எனேபல் அமைப்பு வழியாக. 90 விழுக்காடு வரை கிடைக்கும், ஆயுளுக்கு மொத்தம் 40,000 வெள்ளி வரம்பு. வருமானம் பார்ப்பார்கள். ரெட்ஹில் பக்கம் லெங்கோக் பாருவில் எனேபலிங் வில்லேஜ் இருக்கிறது, அங்கே பொருள்களைத் தொட்டுப் பார்க்கலாம். ஒற்றைக் கையால் காய் நறுக்கும் பலகை ஒன்றைப் பார்த்துவிட்டு என் மனைவி அரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. அவரையும் கூட்டிப் போங்கள். என்னை மாற்றியது பேச்சு இல்லை, அந்தப் பலகை.

வலதுகை:
(கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன்.) சிங்பாஸில் நானே விண்ணப்பித்தேன். ஒற்றைக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு அதே கையால் முகத்தையும் காட்டுவது ஒரு தனிக் கலை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. தட்டைக் கழுவிவிட்டு, “எத்தனை கம்பி?” என்றார்.

அளவெடுக்க ஆள் வந்தபோது புதுச் சண்டை. அத்தைக்கு வலது முழங்கால் வலி, அதனால் கம்பி இடது பக்கம் வேண்டுமாம். எனக்கு வலது.

குழாய்க்காரன்:
ரெண்டு பக்கமும் சுவர் இருந்தா ரெண்டு பக்கமும் கேளுங்க. ஒரு பக்கம்தான் சுவர்னா வலதுக்கு எல் வடிவக் கம்பி, அத்தைக்கு மடக்கற மாதிரி இருக்குமான்னு வர்றவர்கிட்டக் கேளுங்க. அத்தைக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு, உங்களுக்கு ஒண்ணுதான். அளவு உங்களை வச்சு எடுக்கணும்.

வலதுகை:
கேட்டேன், சரி என்றார்கள். புதன்கிழமை வருகிறார்கள். அவர் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஷிஃப்ட் மாமா:
நான்தான் சொன்னேனே, நல்ல மனுஷன்னு.

உட்லண்ட்ஸ் ராணி:
ஒரு நாள் லீவுக்கு மாலை போட்டுடாதீங்க மாமா. அக்கா, குழாய்?

வலதுகை:
புதுசு வாங்கி வந்துவிட்டார். நீளப் பிடி வைத்ததுதான். பெட்டி மேசைமேல் இருக்கிறது. பழையது இன்னும் சொட்டுகிறது.

உட்லண்ட்ஸ் ராணி:
எந்த ஞாயித்துக்கிழமையாம்?