சப்ளை வோல்டேஜ் இறங்கும்போது சென்சார் ரீடிங் தடுமாறுவது: உங்கள் அனுபவங்கள்

எல்எம்35 வெப்பநிலை சென்சாரை ஆர்டுயினோ ஊனோ போர்டில் மாட்டியவர்கள் அடிக்கடி பார்ப்பது இது: ஒரு யூஎஸ்பி போர்ட்டில் 25 டிகிரி, இன்னொன்றில் 27. சென்சார் இரண்டு இடத்திலும் அதே 250 மில்லிவோல்ட்தான் தருகிறது. ஆனால் ஊனோவின் ஏடிசி (வோல்டேஜை 0 முதல் 1023 வரையான எண்ணாக மாற்றும் பகுதி), சப்ளை வோல்டேஜையே அளவுகோலாக வைத்து அளக்கிறது. சரியாக 5 வோல்ட் இருந்தால் எண் 51. சப்ளை 4.6க்கு இறங்கினால் அதே 250 மில்லிவோல்ட்டுக்கு எண் 55. கோடில் 5.0 என்று எழுதி வைத்திருப்பதால் 26.9 டிகிரி என்று காட்டுகிறது.

அளவுகோலை, ஊனோ சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு படி அரை டிகிரியிலிருந்து 0.1 டிகிரியாகக் குறையும். அந்த 1.1 சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும் என்பதால், அந்த ரெஃபரன்ஸ் வெளியே தெரியும் ஏரெஃப் பின்னில் மல்டிமீட்டர் வைத்து அளந்த எண்ணையே கோடில் போடுங்கள். மாற்றிய பிறகு வரும் முதல் சில ரீடிங்குகளைத் தள்ளிவிட வேண்டும்.

பதில்:
தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்ப தடை மாறுவது), எல்டிஆர் (ஒளிக்கேற்ப தடை மாறுவது) வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்யாதீர்கள். 10 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் சேர்த்து வோல்டேஜைப் பிரிக்கும் டிவைடராகப் போட்டு, ஊனோவின் 5 வோல்ட்டிலிருந்தே சப்ளை கொடுத்தால், சப்ளை இறங்கும்போது டிவைடரும் ஏடிசியும் சேர்ந்தே இறங்கும், விகிதம் மாறாது. அங்கே 1.1 போட்டால், டிவைடர் வோல்டேஜ் அதைத் தாண்டும்போதெல்லாம் எண் உச்சமான 1023லேயே நின்றுவிடும்.

வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டு வேறு கதை. அதன் ஏடிசி சொந்த ரெஃபரன்ஸை வைத்து அளக்கிறது. வைஃபை அனுப்பும் நொடியில் 3.3 வோல்ட் சப்ளை லைன் சற்று இறங்கினாலும் தெர்மிஸ்டர் ரீடிங் ஆடும். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் 3.3 லைனைப் பாதியாக்கி, ஏடிசி1ன் (அதிலுள்ள இரண்டு ஏடிசிகளில் முதலாவது) இன்னொரு பின்னில் படித்து, தெர்மிஸ்டர் ரீடிங்கை அதால் வகுத்தால் சரியாகிவிடும். ஏடிசி2 பின்கள் வைஃபையோடு மோதும், தொடவே வேண்டாம்.

பதில்:
இதே காரணத்தால்தான் ஏசிஎஸ்712 கரண்ட் சென்சாருக்கு ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசி சிப் போட்டதும் ரீடிங் மோசமாகிறது! 20 ஆம்பியர் வகையில் சுழிப் புள்ளி (கரண்டே ஓடாதபோது சென்சார் தரும் வோல்டேஜ்) சப்ளையில் சரிபாதி. சப்ளை 4.7 ஆனால் சுழி 2.35. கோடு 2.5ஐக் கழிப்பதால், லோடே இல்லாமல் மைனஸ் 1.5 ஆம்பியர் வரும். ஊனோவின் ஏடிசியில் இது தானாகவே சமன் ஆகியிருக்கும். ஏடிஎஸ்1115 தன் உள் ரெஃபரன்ஸை நம்புவதால் ஆகாது. 5 வோல்ட்டைப் பாதியாக்கி இன்னொரு சேனலில் கொடுங்கள், அதுவே உங்கள் சுழி.

பதில்:
எல்லோரும் பிளஸ் பக்கமே பார்க்கிறோம். கிரவுண்ட் வயரைக் கவனிக்காவிட்டால் எதுவும் சரியாகாது. சர்வோ மோட்டாரும் எல்எம்35ம் ஒரே கிரவுண்ட் வயரில் திரும்பினால், அந்த வயரில் 0.1 ஓம், சர்வோ 500 மில்லிஆம்பியர் என்றால் 50 மில்லிவோல்ட் ஏறும். எல்எம்35க்கு அது 5 டிகிரி. கெப்பாசிட்டர் இதைத் தீர்க்காது.

சோதனை எளிது. மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஊனோவின் கிரவுண்டிலும் சிவப்பை சென்சாரின் கிரவுண்ட் காலிலும் வையுங்கள். சர்வோ சுமை தாங்கும்போது எண் குதித்தால் குற்றவாளி அந்த வயர்தான். சர்வோவுக்குத் தனி சப்ளை, தனி கிரவுண்ட் வயர். இரண்டு கிரவுண்டும் ஊனோ பின்னில் மட்டும் சேர வேண்டும்.

பதில்:
எம்க்யூ-2 வகை கேஸ் சென்சாரில் கணக்குப் போட்டுத் திருத்த வழியில்லை. அதனுள் இருக்கும் ஹீட்டர் சுமார் 33 ஓம், 5 வோல்ட்டில் 150 மில்லிஆம்பியர் இழுக்கும். சப்ளை 4.7 ஆனால் சூடேற்றும் பவர் 88 சதவீதம்தான். சென்சாரின் வெப்பமே மாறுவதால் அதன் குணமும் மாறிவிடுகிறது. ஹீட்டருக்கு நிலையான 5 வோல்ட் கொடுத்து, நன்றாகச் சூடேறிய பிறகே படியுங்கள்.

பதில்:
டிஜிட்டல் சென்சாரும் தப்பாது. டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரில் திடீரென்று 85 டிகிரி வந்தால் அது பவர் வந்ததும் இருக்கும் ஆரம்ப மதிப்பு. 12 பிட்டுக்கு 750 மில்லிவினாடி ஆகும் அளவீடு முடிவதற்குள் படித்திருக்கலாம், அல்லது நடுவில் சப்ளை விழுந்திருக்கலாம். நீள வயரில், டேட்டா லைனிலிருந்தே பவர் எடுக்கும் இரண்டு கம்பி இணைப்பை விட்டுவிட்டு மூன்று கம்பி போடுங்கள், டேட்டா லைனில் 4.7 கிலோ ஓம் புல்-அப் (டேட்டா லைனை பிளஸ்ஸோடு இணைக்கும் ரெசிஸ்டர்), சென்சார் அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.