கீமோ சிகிச்சைக்குப் பின் உருவாகாத நிலைப்பற்கள்: கிளிப் போடலாமா?

மதியின் அம்மா:
என் மகளுக்கு 2 வயதில் இரத்தப் புற்றுநோய் (ஏ.எல்.எல்.) கண்டறியப்பட்டு, கதிர்வீச்சு இல்லாமல் கீமோ மட்டும் கொடுத்தார்கள். இப்போது 11 வயது, நலமாக இருக்கிறாள். பல்வரிசையைச் சீராக்கக் கிளிப் போடலாம் என்று சென்றபோது எடுத்த ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் (இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டுவது), கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பற்கள் இருபுறமும் உருவாகவே இல்லை என்றும், முன்பற்களின் வேர்கள் குட்டையாக இருக்கின்றன என்றும் தெரிந்தது. பரம்பரையாக இருக்கும் என்றார்கள்; எங்கள் இரு குடும்பங்களிலும் அப்படி யாருக்கும் இல்லை. கீமோவால் இப்படி நேருமா?

குழந்தைகள் பல் மருத்துவர்:
நேரும். வின்கிறிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகள் புற்றுச்செல்லையும் வளரும் பல்மொட்டின் செல்லையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டாம் முன்கடைவாய்ப் பல் சுமார் 2 முதல் இரண்டரை வயதில்தான் சுண்ணாம்புச் சத்து ஏறி உருப்பெறத் தொடங்குகிறது. அந்த வேளையில் சிகிச்சை நடந்தால் பல் உருவாகாமலோ மிகச் சிறியதாகவோ போகலாம், அதே காலத்தில் ஏற்கெனவே பாதி உருவான முன்பல்லுக்கு எனாமலில் குறையோ குட்டை வேரோ மிஞ்சலாம். பரம்பரையாகவும் பல் இல்லாமல் போவதுண்டு என்றாலும், குட்டை வேரும் சேர்ந்து தெரிவதால் எனக்குச் சிகிச்சையின் மீதே சந்தேகம்.

சிகிச்சை முடிந்து நோயின்றி 2 ஆண்டுகளாவது கடந்திருந்தால் பொதுவாகக் கிளிப் போடலாம். ஆனால் பல்லை நகர்த்தும்போது குட்டை வேர் மேலும் கரையக்கூடும் என்பதால் கிளிப்பின் விசை மென்மையாகவும் இலக்கு அடக்கமாகவும் இருக்க வேண்டும். இடையிடையே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மருத்துவரையே தேர்ந்தெடுங்கள்.

சிறுவயதில் சிகிச்சை பெற்றவன்:
கீமோ மருந்துகளின் பெயர், அளவு, தேதி அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தைப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தாடையிலும் கதிர்வீச்சு கொடுத்திருந்ததால், பல்லைப் பிடுங்கும் முன்பு அந்தக் கதிர்வீச்சின் அளவைத்தான் மருத்துவர் முதலில் கேட்டார். கதிர்வீச்சு பட்ட எலும்பு எளிதில் ஆறாதாம். வாயும் எப்போதும் உலர்ந்தே இருப்பதால் சொத்தை விரைவாக வருகிறது, ஃபுளோரைடு பூசிக்கொள்கிறேன். உங்கள் மகளுக்குக் கதிர்வீச்சு இல்லை என்பது பெரிய ஆறுதல்.

மதியின் அம்மா:
நன்றி. அந்த இடத்தில் பால்பற்கள் இன்னும் ஆடாமல் இருக்கின்றன. எடுத்துவிடச் சொல்கிறார்களே?

குழந்தைகள் பல் மருத்துவர்:
அவசரப்படாதீர்கள். வேர் நன்றாக இருந்தால் அந்தப் பால்பல் பல ஆண்டுகள் நிற்கும். பக்கத்துப் பல்லின் மட்டத்துக்குக் கீழே அது இறங்கிக்கொண்டே போனால் மட்டும் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். இம்பிளான்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) எப்படியும் தாடை வளர்ச்சி முடிந்த பிறகுதான், அதுவரை இடத்தைக் காப்பதற்கு இயற்கைப் பல்லைவிட நல்லது ஒன்றும் இல்லை. 6 மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனையை மட்டும் தவறவிடாதீர்கள்.