டென்வர் நீலக் குதிரையைப் பார்த்த நம்ம ஊர்க்காரர்கள்

ஆச்சி, காரைக்குடி

மகள் வீட்டுக்கு, மகன் வீட்டுக்கு என்று அமெரிக்கா போய் வந்தவர்கள் நயாகரா படமும் சுதந்திர தேவி படமும் நிறையப் போட்டுவிட்டீர்கள். நான் ஒரு குதிரையைப் பற்றிச் சொல்கிறேன். டென்வர் போனவர்கள் யாராவது இருந்தால் அதைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. விமான நிலையத்துச் சாலை ஓரத்திலேயே நிற்கிறது. 32 அடி உயரம். பளீரென்ற நீல உடம்பு, கறுத்த பிடரி, முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கிற முரட்டுக் காட்டுக் குதிரை. கண் இரண்டும் சிவப்பு விளக்கு.

நாங்கள் போய் இறங்கியது ராத்திரி. அந்த விமான நிலையம் ஊரை விட்டுத் தள்ளி ஒரு பெரிய பொட்டலில் இருக்கிறது. வெளியே வந்தால் இருட்டும் காற்றும்தான். மாப்பிள்ளை கார் ஓட்டிக்கொண்டு வர, பின் சீட்டிலிருந்து பேரன், "ஆயா, அங்க பாருங்க, ப்ளூசிஃபர்!" என்று கத்தினான். நீலத்தையும் சாத்தானையும் சேர்த்து ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயராம். எட்டிப் பார்த்தால் இருட்டுக்குள் இரண்டு சிவப்புப் புள்ளி. கிட்டே போகப் போகத்தான் உடம்பு தெரிந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது உண்மை. என் வீட்டுக்காரர் மட்டும் கண்ணாடியை இறக்கச் சொல்லி, "அட, நம்ம அய்யனார் கோயில் குதிரையில்ல இது! இங்க யாரு மாலை போடுறா?" என்றார். மாப்பிள்ளை சிரித்துவிட்டு, "மாலையா? இதைத் தூக்கச் சொல்லி ஊரே சண்டை போட்டது மாமா" என்றார்.

அந்தச் சண்டையைப் பற்றி எனக்கு விவரம் சொன்னது மகள் வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சாயங்காலம் நாய்க்குட்டியோடு நடக்க வருவார். மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன். குதிரை என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். 2008 பிப்ரவரியில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியதிலிருந்து, ராத்திரி அந்தப் பக்கம் காரில் போனால் வேண்டுமென்றே மறுபக்கம் திரும்பிக்கொள்வாராம். "எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு பிசாசை" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அது செய்தவனையே கொன்ற குதிரை, தெரியுமா?" என்றார்.

இது வதந்தி இல்லை. லூயிஸ் ஹிமெனஸ் என்ற சிற்பி. டெக்சஸ் மாநிலத்து எல் பாசோவில் பிறந்த மெக்சிகோ வழிக் குடும்பத்துக்காரர். 2006 ஜூனில் நியூ மெக்சிகோவில் உள்ள தன் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, இந்தக் குதிரையின் ஒரு பெரிய துண்டு நழுவி அவர் காலில் விழுந்து, ரத்தக்குழாய் அறுந்து இறந்துபோனார். மீதி வேலையை அவருடைய பிள்ளைகளும் பட்டறை ஆட்களும் முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சிவப்புக் கண்ணுக்கும் காரணம் உண்டு. அவருடைய அப்பா நியான் விளக்குப் பலகை செய்கிறவர். சின்ன வயதில் அந்தக் கடையில் கற்ற வேலையை நினைத்து, அப்பாவுக்காக வைத்த கண். எதிர்வீட்டு அம்மாளுக்கு முதல் கதை தெரியும், இரண்டாவது தெரியாது. அங்கே நிறையப் பேர் அப்படித்தான் என்று மாப்பிள்ளை சொன்னார்.

பகலில் இன்னொரு தடவை அந்த வழியாகப் போனோம். அங்கே காரை நிறுத்தவே முடியாது, வேகச் சாலை. மெதுவாகப் போகச் சொல்லிப் பார்த்தேன். வயிற்றிலும் தொடையிலும் நரம்பு நரம்பாகப் புடைத்திருக்கிறது. மூக்குத் துவாரம் விரிந்து, வாய் பிளந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஆண் குதிரை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராதபடி செய்திருக்கிறார்கள். அதற்கும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டாம். எனக்கென்னவோ அழகாகத்தான் இருந்தது. சும்மா வரவேற்புப் பொம்மையாக நிற்காமல், கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு கிளம்புகிற மிருகமாக இருந்தது.

சின்ன வயதில் அய்யனாருக்கு மண் குதிரை தூக்கிப்போகிற புரவி எடுப்புத் திருவிழாவுக்குப் போனால் நானும் அந்த மண் குதிரைகளின் பல்லையும் முழியையும் பார்த்து அப்பத்தா முந்தானைக்குள் ஒளிந்தவள்தான். "ராத்திரி அய்யனார் இதுல ஏறித்தான் ஊரைச் சுத்தி வருவாரு, திருடன் பயப்படணும்ல" என்று அப்பத்தா சொன்ன பிறகு, அந்த முழி எனக்காக முழிப்பதாக ஆகிவிட்டது. இதை எதிர்வீட்டு அம்மாளிடம் மகளை விட்டுச் சொல்ல வைத்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "எங்கள் ஊரில் அதற்குப் போலீஸ் இருக்கிறது" என்றார். பொல்லாத பொம்பளை.

வேறு யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

தேவகோட்டைக்காரன்

ஆச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் டென்வரில் சில வருடம் வேலை பார்த்தவன். மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் குதிரையைக் கடந்து போயிருப்பேன். எனக்கு அது பிடிக்கவே இல்லை. பயத்தினால் அல்ல, செலவினால்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. நகராட்சி பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து எதைக் கட்டினாலும் அதில் ஒரு விழுக்காட்டைப் பொதுக்கலைக்கு ஒதுக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் இந்தக் குதிரைக்கு 1990களின் தொடக்கத்தில் 3 லட்சம் டாலர் என்று பேசி, கடைசியில் 6.5 லட்சத்தில் வந்து நின்றது. விமான நிலையம் 1995இல் திறந்தாகிவிட்டது, குதிரை வந்தது 2008இல். நடுவில் வழக்கு வேறு. வீடு கட்டுகிற கொத்தனார் நம்மிடம் இப்படிச் செய்தால் விடுவோமா?

அப்புறம் அய்யனார் குதிரையோடு ஒப்பிடுவது சரியில்லை. நம்ம ஊரில் வேண்டுதல் வைத்தவன் காசு கொடுக்கிறான், ஊர் கூடி எடுக்கிறது. அங்கே வரி கட்டுகிறவனிடம் யார் கேட்டார்கள்? ஒரு வாடகைக் கார் ஓட்டுநர், எத்தியோப்பியாக்காரர், என்னிடம் சொன்னது இது: "எல்லாப் பயணியும் இதை யார் வைத்தது என்று என்னைக் கேட்கிறான். எனக்குத் தெரியாது, என்னையும் யாரும் கேட்கவில்லை."

மக்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட வேண்டும். நியூயார்க்கில் ரிச்சர்ட் செரா என்பவர் 1981இல் ஒரு அரசு அலுவலகச் சதுக்கத்தின் குறுக்கே 120 அடி நீளத்துக்கு, 12 அடி உயரத்துக்குத் துருப்பிடித்த இரும்புச் சுவர் ஒன்றை நிறுத்தினார். வேலைக்கு வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. சத்தம் போட்டார்கள். 1989இல் அறுத்து எடுத்தே விட்டார்கள்.

ஆச்சி, காரைக்குடி

தம்பி, செலவு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், அதில் எனக்கு மறுப்பில்லை. நியூயார்க் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்களே! மாப்பிள்ளை எனக்கு அதையும் சொல்லியிருக்கிறார். 1985இல் பொது விசாரணை வைத்தபோது பேசியவர்கள் 180 பேர். அதில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தது அதற்குப் பிறகும்தான். மக்களைக் கேட்டுச் செய்தார்கள் என்பதற்கு அது உதாரணம் ஆகாது.

டென்வரில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பொது இடத்தில் வைத்த கலைப்பொருளை எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்க ஐந்து வருடமாவது பொறுக்க வேண்டும். 2009இல் ஒரு பெண்மணி ஃபேஸ்புக்கில் இயக்கமே நடத்தினார், குதிரையைத் திட்டி ஹைக்கூ எழுதச் சொன்னாராம். ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஐந்து வருடம் முடிந்தபோது அந்த வேகம் இல்லை. இப்போது அதே குதிரையைப் பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். என் பேரனிடம் ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கே போட்டுக்கொண்டு போகிறான்.

கானாடுகாத்தான்

நான் டென்வர் போனதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டு முகப்பில் கஜலட்சுமிக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் சுதைப் பொம்மையாக நிற்கிறார். சுற்றிப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் முகத்தில் ஒரு சங்கடம் தெரியும், "இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்பார்கள். எங்களுக்கு அவர் காவல்காரர். வெள்ளையடிக்கும்போது அவருக்கும் பூட்ஸுக்குக் கறுப்பு அடிப்போம்.

பள்ளத்தூர், இப்போது சென்னை

குதிரை விஷயம் கேட்கச் சுவாரசியமாக இருக்கிறது. ஆனால் நம்மிடம் சிலைச் சண்டை வேறு மாதிரி. "கண் பயமாக இருக்கிறது, நரம்பு அசிங்கமாக இருக்கிறது" என்று ஒரு சிலையைத் தூக்கச் சொல்லி நம்ம ஆட்கள் தெருவுக்கு வந்து நான் பார்த்ததில்லை. யாருடைய சிலை, யார் வைத்தது என்பதுதான் சண்டை.

2001 டிசம்பரில் மெரினாவில் கண்ணகி சிலையை எடுத்தபோது நான் கல்லூரி மாணவன். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலை. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று காரணம் சொன்னார்கள். மறுநாள் பஸ்ஸில் அந்த இடத்தைத் தாண்டும்போது, பாதிப் பஸ் எட்டிப் பார்த்தது. அதுவரை சிலை இருந்தபோது ஒருத்தரும் தலையைத் திருப்பியதில்லை! 2006 ஜூனில் ஆட்சி மாறியதும் திரும்ப வந்தது.

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் கதை இன்னும் மோசம். 1991இல் வைத்து, திறக்க விடாமல் 18 வருடம் மூடியே கிடந்தார். என் மாமா வீடு அந்தப் பக்கம்தான். லீவுக்குப் போகும்போதெல்லாம், "அதுக்குள்ள யாரு மாமா?" என்று கேட்டால், "திருவள்ளுவர்டா, சத்தம் போடாத" என்பார். 2009 ஆகஸ்டில் அங்கே வள்ளுவரையும், சில நாள் கழித்து இங்கே அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரையும் திறந்து வைத்தார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் பிணை.

இந்த இடத்தில் நம்ம பக்கத்துப் பெருமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2000 ஜனவரி 1இல் திறந்த கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைச் செய்த கணபதி ஸ்தபதிக்குச் சொந்த ஊர் பிள்ளையார்பட்டி. அதிகாரக் கணக்குக்கு மொத்தம் 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடி பீடம், மீதி 95 அடி சிலை. அந்த இடுப்பு வளைவைப் பார்த்து, "வள்ளுவர் ஏன் நடராசர் மாதிரி ஒடிந்து நிற்கிறார்?" என்று படகில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டே வந்தார். 2004 சுனாமியில் அலை மோதியும் அந்த வளைவு அப்படியே நின்றது என்றேன். "அது கல்லோட கெட்டிக்காரத்தனம்" என்று விட்டுவிட்டார்.

சிங்கம்புணரிப் பக்கத்து வேளார்

ஆச்சி எழுதியதை மகன் செல்போனில் படித்துக் காட்டினான், படமும் காட்டினான். நாங்கள் தலைமுறையாகப் புரவி செய்கிற குடும்பம். அதனால் கொஞ்சம் எழுதச் சொன்னேன்.

தேவகோட்டைத் தம்பி, ஊரைக் கேட்டுச் செய்தார்களா என்று கேட்கிறீர்கள். எங்கள் வேலையில் கேட்காமல் ஆரம்பிக்கவே முடியாது. ஊர்க்காரர்கள் வந்து பிடிமண், அதாவது ஊர் மண்ணில் ஒரு பிடி, கொடுத்தால்தான் கை வைப்போம். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, முதலில் நாலு காலையும் குழாய் மாதிரி எழுப்புவோம். அது ஓரளவு இறுகிய பிறகுதான் வயிறு, அப்புறம் கழுத்து, தலை. ஈரத்தோடு அவசரப்பட்டு ஏற்றினால் உட்கார்ந்துவிடும். அந்த நாள் பூராவும் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று குறை சொல்லுவார்கள். "காது சின்னதா இருக்கே", "பல்லு தெரியல வேளாரே", "போன தடவை குதிரை இன்னும் முழிச்சுச்சே" என்பார்கள். காதில் வாங்கிக்கொண்டே செய்ய வேண்டும். சில சமயம் எரிச்சலாக வரும். ஆனால் சூளையில் வெந்து, வர்ணம் பூசி, கண் திறந்து, தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் அப்புறம் ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டார். சொல்ல வேண்டியதை எல்லாம் முன்னாடியே சொல்லித் தீர்த்துவிட்டார்கள் அல்லவா. அந்த ஊரில் பெட்டியைப் பிரித்த மாதிரி ஒரே நாளில் கொண்டுபோய் நிறுத்தினால், பிறகுதானே சத்தம் வரும்?

கண் விஷயத்தில் அந்தச் சிற்பி செய்தது சரி. பெரிய குதிரைக்குச் சாந்தமான கண் வைத்தால் கீழிருந்து பார்க்கத் தூங்குகிற மாதிரி இருக்கும். குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரை 33 அடி என்பார்கள், அங்கே மாசி மகத்துக்குக் காகிதப்பூ மாலையை லாரியில் கொண்டுவந்து போடுகிறார்கள். அதன் முழியையும் போய்ப் பாருங்கள்.

பட்டறையில் இறந்ததைக் கேட்டபோது மனசு சங்கடமாகிவிட்டது. அதைச் சாபம் என்று சொல்வது தெரியாதவர்கள் பேச்சு. பெரிய உருப்படியைத் துண்டு துண்டாகச் செய்து இணைக்கிற எல்லா வேலையிலும் அந்த ஆபத்து உண்டு. எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு கழுத்துச் சரிந்து விரல் போனது. மண், அதனால் விரலோடு போயிற்று. அவர்களுடையது இரும்புச் சட்டத்தின் மேல் ஃபைபர், எல்லாம் சேர்த்து நாலு டன் என்கிறான் மகன்.

ஆச்சி, மறுபடி மகள் வீட்டுக்குப் போனால் ஒரு உதவி. எல்லோரும் கண்ணைத்தான் படம் எடுக்கிறீர்கள். எங்கள் குதிரை நாலு காலில் நிற்கும், அது இரண்டே காலில் நிற்கிறது. பின்னங்கால் குளம்பைப் பீடத்தோடு எப்படிப் பிடித்திருக்கிறார்கள், வால் தரையைத் தொடுகிறதா இல்லையா, அந்த இடத்தை மட்டும் தெளிவாக எடுத்து அனுப்புங்கள். கார் நிற்காது என்கிறீர்கள், மாப்பிள்ளையிடம் சொல்லி வேகத்தையாவது குறைக்கச் சொல்லுங்கள்.