சிறையில் தம்பி இருக்கும் பிளாக்கில் ஒருவருக்கு டிபி (காசநோய்), மற்றவர்களுக்கும் டெஸ்ட் எடுக்க வைப்பது எப்படி?

வியாசர்பாடி அக்கா:
என் தம்பி விசாரணைக் கைதி, நாலு மாதமாக உள்ளே இருக்கிறான். எந்தச் சிறை என்று எழுதவில்லை. போன வாரம் மனு பார்க்க, அதாவது அவனை நேரில் சந்திக்கப் போனபோது, அவனுக்கு இரண்டு ஆள் தள்ளிப் படுத்திருந்தவருக்கு டிபி என்று தெரிந்து வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். அப்புறம் பிளாக்கில் வந்து யாருக்கெல்லாம் இருமல், கை தூக்குங்கள் என்று கேட்டார்களாம். ஒருத்தரும் தூக்கவில்லை, அத்தோடு சரி. தம்பிக்கும் இருமல் இல்லை, ஆனால் கழுத்தெலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்திருக்கிறான். அம்மாவுக்குச் சர்க்கரை, ஜாமீன் கிடைத்து வந்தால் ஒரே அறையில்தான் எல்லோரும் படுக்கணும். இருமல் இல்லாதவர்களுக்கும் டெஸ்ட் எடுப்பார்களா? யாரிடம் கேட்பது?

லேப் டெக்னீஷியன்:
அக்கா, இருமல் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க எடுத்த டிபி கணக்கெடுப்பில், நோய் இருந்தவர்களில் 42.6 சதவீதம் பேர் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே அகப்பட்டார்கள், அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் தப்பியிருப்பார்கள். சிறையில் டிபி வெளியே இருப்பதைப் போல 10 மடங்கு வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதனால் அந்த பிளாக்கில் படுத்த எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்கணும், கையில் தூக்கிப் போகிற மெஷினே இப்போது இருக்கிறது. சந்தேகம் வந்தால் சளியை சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்கிற, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் மெஷினில் போட்டால் ஓரிரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும், டிபிக்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்பதும் சேர்ந்தே வரும். தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை, காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி நெஞ்சிலிருந்து வருகிற சளியைக் கொடுக்கணும். இப்போது நெகட்டிவ் வந்தாலும் சில மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், கிருமி உள்ளே போய் நோயாக மாற நாளாகும்.

உள்ளே இருந்தவன்:
ஏன் யாரும் கை தூக்கவில்லை என்று நான் சொல்கிறேன். இருமல் என்று சொன்னால் தனியாகப் போட்டுவிடுவார்கள், வீட்டு ஆட்களைப் பார்க்க மனு கிடையாது, வாய்தாவுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள், ஜாமீன் தள்ளிப்போகும், இதுதான் உள்ளே எல்லோர் மனதிலும் ஓடும். நானே மூன்று வாரம் துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு இருமியிருக்கிறேன். வெளியே வந்த பிறகு தாம்பரம் சானடோரியத்தில் போய்க் காட்டியபோதுதான் டிபி என்று தெரிந்தது. 6 மாதம் மாத்திரை, இப்போது நன்றாக இருக்கிறேன். என் குழந்தைக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள், அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து எடுத்தால் யாரும் ஒளிக்க வேண்டியதில்லை.

பெரம்பூர் வக்கீல்:
சகோதரி, சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதுங்கள், நகலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். இலவச சட்ட உதவி எண் 15100, டிபி உதவி எண் 1800116666. அடுத்த வாய்தாவில் தம்பி மாஜிஸ்திரேட்டிடம் நேராகவே சொல்லலாம், அவர் முன்னால் சொன்னது பதிவாகும். நோய் வந்தவர் பெயரை எழுத வேண்டாம், அது அவருடைய சொந்த விஷயம். தம்பிக்கு மட்டும் என்று கேட்காமல் பிளாக் முழுக்க என்று கேளுங்கள், அப்போது அவன் மட்டும் தனியாகத் தெரிய மாட்டான். யாரையாவது வேறு சிறைக்கு மாற்றும் முன் புதிதாக டெஸ்ட் எடுக்கவும் கேளுங்கள். 2020 மே மாதம் கலிபோர்னியாவில் வாரக்கணக்கில் பழைய கொரோனா டெஸ்ட் முடிவை நம்பிக் கைதிகளை சான் குவென்டின் சிறைக்கு மாற்றினார்கள், அங்கே 28 கைதிகளும் ஒரு அதிகாரியும் இறந்துபோனார்கள்.

வியாசர்பாடி அக்கா:
இன்று ராத்திரியே எழுதி, நாளை நேரில் கொடுத்து ரசீது வாங்கிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மனு இருக்கிறது, சளி எப்படிக் கொடுக்கணும் என்று தம்பியிடம் சொல்லி, பக்கத்தில் படுப்பவர்களுக்கும் சொல்லச் சொல்கிறேன்.