பழைய கோல்கீப்பர் சட்டைகளில் உங்களால் மறக்க முடியாதது எது?

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆடும் எங்கள் அணியில் நான்தான் கோல்கீப்பர். அந்தக் காலத்துச் சட்டை மாதிரி ஒன்று தைக்க ஆசை. செவ்வாய்ப்பேட்டையில் தையல்காரர் ரெடி, டிசைன்தான் வேண்டும்.

பதில்:
யோசிக்கவே வேண்டாம் தம்பி, ஹோர்ஹே காம்போஸ்தான். 1994 உலகக்கோப்பையில் மெக்சிகோவுக்காக அவர் போட்டு ஆடியவை அவரே வடிவமைத்தவை. ஆளோ குள்ளம், ஊர் அகாபுல்கோ என்ற கடற்கரை நகரம், அலைச்சறுக்கு உடைகளின் பளீர் இளஞ்சிவப்பும் மஞ்சளும் பச்சையும் முக்கோணமும் கட்டமுமாகத் தொளதொளவென்று தொங்கும் அந்தச் சட்டையில் அவர் பாய்ந்தால் பட்டம் பறப்பது போலவே இருக்கும்.

பதில்:
எனக்கு 1996 யூரோ கோப்பை அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்து கோல்கீப்பர் டேவிட் சீமன் போட்ட சிவப்புச் சட்டை. சிவப்பின் மேல் மஞ்சள், பச்சை, ஊதா என்று கலந்து கட்டியிருப்பார்கள். அன்று பலர் திட்டினார்கள், இன்று அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். அழகான சட்டை, நான் அடித்துச் சொல்வேன்.

பதில்:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே மூடுபனி இறங்கினால் எதிர்க் கோல்போஸ்டே தெரியாது, எங்கள் கீப்பரின் ஆரஞ்சுச் சட்டை மட்டும் மங்கலாக அசையும். அதனால் நிறத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் நண்பா. அப்புறம், முழங்கையில் பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், பழைய சட்டைகளில் அது இருக்கும், மண் தரையில் விழும்போது தோலைக் காப்பாற்றும்.

கேள்வி கேட்டவர்:
சரி, காம்போஸ்தான். முழங்கைப் பஞ்சும் உண்டு. தைத்ததும் படம் போடுகிறேன் அண்ணா.