வயர் அறுந்தால் தெரியும், ரேடியோ அறுந்தால்?

பேனல்காரன், கிருஷ்ணகிரி:

வயர்லெஸ் ஐ/ஓ (சென்சார் அளவையும் மோட்டார் கட்டளையையும் வயருக்குப் பதில் ரேடியோவில் அனுப்புவது) போட்ட அனுபவம் கேட்டிருந்தீர்கள். என்னுடையது மாங்கூழ் ஆலைக் கதை. சம்ப்பில், அதாவது தண்ணீர்த் தொட்டியில், நீர்மட்டம் அளக்கும் லெவல் டிரான்ஸ்மிட்டர், அரை கிலோமீட்டர் தள்ளி மாந்தோப்புக்குள் அதை நிரப்பும் போர்வெல் மோட்டார். புதைத்த கேபிளை ஜேசிபி இரண்டு தடவை அறுத்தது. மூன்றாவது தடவை ஓனர், "இனிமே யாரும் மண்ணைத் தோண்டாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

சரி என்று 865 மெகாஹெர்ட்ஸ் மெஷ் ரேடியோ போட்டோம். உரிமம் வாங்கத் தேவையில்லாத அலைவரிசை, மரங்களுக்கு நடுவே 2.4 கிகாஹெர்ட்ஸைவிட நன்றாகப் போகும். பேனல் ரூம், சம்ப், போர்வெல், கழிவுநீர் ஷெட் என்று நான்கு நோடு (ரேடியோ யூனிட்). சம்ப் நோடு, டிரான்ஸ்மிட்டர் தரும் 4-20 மில்லிஆம்பியரை (காலி என்றால் 4, நிறைந்தால் 20) எண்ணாக்கி அனுப்பும். பேனல் ரூம் கார்டு அதைத் திரும்ப மில்லிஆம்பியராக்கி, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான பிஎல்சிக்குக் கொடுக்கும். பிஎல்சி ஓடு என்றால் போர்வெல் நோடில் ரிலே இழுத்து மோட்டார் ஓடும். நேர்வழி அடைபட்டால் பக்கத்து நோடு வாங்கிக் கைமாற்றும். பிப்ரவரியில், காலி யார்டில் டெஸ்ட் பண்ணியபோது ஒரு குறையும் இல்லை.

ஜூனில் ஒரு நாள் காலை வாட்ச்மேன் தாத்தா போன் பண்ணினார்: "தம்பி, லாரி நிக்கிற இடமெல்லாம் குளமா இருக்கு." போய்ப் பார்த்தால் சம்ப் வழிகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, திரையில் லெவல் 62 சதவீதம். ஆடவே இல்லை. கார்டின் வயரைக் கழற்றி மீட்டரைச் சேர்த்தேன்: 13.92 மில்லிஆம்பியர். கணக்குக்குச் சரியாக 62 சதவீதம்தான்!

சம்ப்புக்கும் பேனல் ரூமுக்கும் நடுவே சீசன் சரக்கு, இரும்பு டிரம் மூன்று அடுக்கு. சிக்னல் ஷெட் வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது, அதுவரை மெஷ் தன் வேலையைச் செய்தது. ஆனால் ஷெட் நோடுக்கு சப்ளை எடுத்திருந்தது லைட் எம்சிபியில். தாத்தா ராத்திரி அந்த எம்சிபியை இறக்கி லைட்டை அணைத்திருக்கிறார், நோடும் சேர்ந்து அணைந்துவிட்டது. அவரைச் சொல்லி என்ன, அங்கிருந்து சப்ளை இழுத்தவன் நான்.

வயர் அறுந்திருந்தால் பூஜ்யம் காட்டியிருக்கும், பிஎல்சி மோட்டாரை நிறுத்தியிருக்கும். 4 மில்லிஆம்பியரில் தொடங்குவதே அதற்குத்தானே. இங்கே கரண்டை உண்டாக்குவது டிரான்ஸ்மிட்டர் இல்லை, பேனலில் இருக்கும் கார்டு. சேதி நின்றாலும் 'கடைசி மதிப்பை வைத்துக்கொள்' என்ற செட்டிங்கில் அது பாட்டுக்கு 13.92 கொடுத்துக்கொண்டிருந்தது. பெட்டியில் வந்த செட்டிங், நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது மூன்று சேதி தவறினால் கார்டு 3.5 மில்லிஆம்பியருக்கு இறங்கும், பிஎல்சி அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளும். ஷெட் நோடு யூபிஎஸ்ஸுக்குப் போய்விட்டது. ஆண்டெனாவும் டிரம் உயரத்தைத் தாண்டிவிட்டது.

இன்ஸ்ட்ருமென்ட் பையன், ஓசூர் சிப்காட்:

அண்ணா, எங்கள் பக்கம் வயர்லெஸ்ஹார்ட் என்ற மெஷ் ரேடியோ முறை. 10 மில்லிசெகண்ட் துண்டு துண்டாக நேரம் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் சேனல் மாற்றிப் பேசும். வைஃபை நெரிசலிலும் தப்பித்துவிடுகிறது. எங்களுக்கு வந்த வினை பேட்டரியில். உலை வெப்பம் நிமிடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றேன். மேலே இருப்பவர் செகண்டுக்கு ஒன்று கேட்டார், வைத்துக் கொடுத்தேன். வருடக்கணக்கில் வர வேண்டிய பேட்டரி மாதக்கணக்கில் போனது. அதிலும் எல்லாச் சேதியும் வந்து சேரும் கேட்வே பக்கத்தில் இருக்கிற நோடுதான் முதலில் செத்தது, ஊரார் சேதியெல்லாம் அதன் தலையில். ஆபத்து என்றால் மெஷினை நிறுத்தும் இன்டர்லாக்கை மட்டும் இன்னும் வயரில்தான் வைத்திருக்கிறேன்.

பம்ப்ஹவுஸ், பென்னாகரம்:

எங்களுக்கு டிரம்மும் இல்லை, எம்சிபியும் இல்லை, குரங்குதான். ஆண்டெனா கேபிளை இழுத்து கனெக்டர் லூசாகி, மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது. வெயில் அடித்தால் சிக்னல் வரும், தூறினால் போகும். கண்டுபிடிக்க பத்து நாள். இப்போது கேபிள் ஜிஐ பைப்புக்குள், கனெக்டர் மேல் ரப்பர் டேப்.

ஒரு சந்தேகம் அண்ணா. சம்ப் பக்கம் சரி, போர்வெல் பக்கம் ரேடியோ போனால் ரிலே என்ன ஆகும்?

பேனல்காரன், கிருஷ்ணகிரி:

30 செகண்டில் ரிலே விழுந்து மோட்டார் நின்றுவிடும். சம்ப் காலியானால் ஓனரிடம் திட்டு வாங்குவேன், வாங்கிக்கொள்கிறேன். மறுபடி அந்தச் சேற்றில் லாரி தள்ள முடியாது.