டியூன்: அவேக்கனிங் வருமுன் எங்கள் குடும்பக் குழுவில்

குழு: இரணைமடுச் சொந்தங்கள்
சனிக்கிழமை, 26 ஏப்ரல் 2025

மாலை 6:12, தம்பி (முள்ளியவளை):
அண்ணா, டியூன் நாவலை வைத்துச் செய்யும் இணைய விளையாட்டான டியூன்: அவேக்கனிங் மே 20 ஆம் திகதி வெளிவரும் என்றார்கள். இப்போது அதை ஜூன் 10 இற்குத் தள்ளிவிட்டார்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து நான் இந்த ஒரு விளையாட்டையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தாமதம் ஏதாவது பெரிய கோளாறின் அறிகுறியா?

மாலை 6:31, நான்:
அப்படி நினைக்க வேண்டாம், தம்பி. மூடிய பீட்டாவில், அதாவது வெளியீட்டுக்கு முன் சிலருக்கு மட்டும் திறந்த சோதனைப் பதிப்பில், விளையாடியவர்கள் சொன்ன குறைகளைத் திருத்துவதற்கு மேலும் மூன்று வாரம் வேண்டும் என்பதே அவர்கள் தரும் காரணம், அதை நான் நம்புகிறேன். இதை உருவாக்கும் ஃபன்கொம், நோர்வேயின் ஒஸ்லோ நகரில் இருக்கும் நிறுவனம். 2001 ஜூன் 27 ஆம் திகதி அவர்கள் அனாக்கி ஒன்லைன் என்ற அறிவியல் புனைவு விளையாட்டை வெளியிட்டபோது, பதிவு செய்யக்கூட முடியாமலும், உள்ளே நுழைந்தவர்கள் நகர முடியாமலும் பட்ட அவதி இன்றுவரை மோசமான தொடக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனாலும் அதே விளையாட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக மூடப்படாமல் நடந்துகொண்டிருக்கிறது. அவசரமாக வெளியிடுவதன் விலையையும், வெளியிட்ட பின் விடாமல் பராமரிப்பதன் பயனையும் நன்றாக அறிந்தவர்கள் தாங்களாகவே மூன்று வாரம் கேட்டால், அதைக் கொடுப்பதுதான் நியாயம்.

மாலை 6:38, மச்சாள் (வவுனியா):
அத்தான், திரைப்படத்தையோ நாவலையோ வைத்துச் செய்யும் இணைய விளையாட்டுகள் பெரும்பாலும் பெயரை மட்டும் கடன்வாங்கிக்கொண்டு, உள்ளே வழக்கமான வாள்வீச்சையே தருகின்றன என்பது என் அனுபவம். இது மட்டும் வேறாக இருக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மாலை 6:57, நான்:
நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. ஒரு கற்பனை உலகத்தை இணைய விளையாட்டாக மாற்றும்போது, அந்த உலகத்தின் இயற்கை விதிகளே விளையாட்டின் விதிகளாக வேண்டும். இல்லாவிட்டால் ஆட்கள் சில மாதங்களில் விலகிவிடுவார்கள்.

2003 ஜூனில் வெளிவந்த ஸ்டார் வோர்ஸ் கலக்சீஸைப் பாருங்கள். அதில் நடனக்காரராகவும், மருத்துவராகவும், ஆயுதம் செய்பவராகவும், தலைமுடி அலங்கரிப்பவராகவும் வாழ முடிந்தது. வீரர்களே ஊர்களை எழுப்பினார்கள். 2005 நவம்பரில் நிறுவனம் அந்தத் தொழில்களையெல்லாம் ஒன்பதாகச் சுருக்கி, எல்லோரும் திரைப்பட நாயகர்களைப் போலச் சண்டையிடும் விளையாட்டாக அதை மாற்றியது. அங்கே குடியிருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2011 டிசம்பர் 15 ஆம் திகதி சேர்வர்கள் அணைக்கப்பட்டன.

டியூனில் அந்த ஆபத்து குறைவு என்று நான் எண்ணுவதற்குக் காரணம், அதன் மையத்தில் தண்ணீர் இருப்பதுதான். அராக்கிஸ் என்ற கிரகத்தில் மழை இல்லை. ஆகவே வெயிலில் நின்றால் உடல் வற்றும், நிழல் தேடி நடக்க வேண்டும், விடியலுக்கு முன் செடிகளில் படியும் பனித்துளியைச் சேகரிக்க வேண்டும். ஸ்டில்சூட் என்ற உடை உடலின் ஈரத்தை மீட்டுத் தரும். பிறகு வசதி வந்தால் காற்றிலிருந்து ஈரம் பிடிக்கும் பொறியை வீட்டில் கட்டலாம். மணல்வெளியில் ஓடினால் அதிர்வைக் கேட்டுப் பெரும்புழு வரும். சாதாரணமாக இறந்தால் பொருட்களில் சிலவற்றையாவது மீட்கலாம், ஆனால் புழு விழுங்கினால் கையில் இருந்த அனைத்தும் போய்விடும். நாவலில் உள்ள பயமும் தாகமும் அப்படியே விளையாட்டின் சட்டமாகியிருக்கின்றன.

மாலை 7:10, பெரியப்பா (வட்டக்கச்சி):
பிள்ளைகள் பேசுவதை வாசித்துக்கொண்டிருந்தேன். தண்ணீரை மையமாக வைத்து ஒரு விளையாட்டு வருகிறது என்றால் அதைப் பற்றி நானும் அறிய விரும்புகிறேன். அந்தக் கதையை எழுதியவருக்கு வறட்சியைப் பற்றி நேரடியாகத் தெரியுமா, அல்லது எல்லாம் கற்பனைதானா?

மாலை 7:26, நான்:
பெரியப்பா, ஃபிராங்க் ஹேர்பேர்ட் ஒரு பத்திரிகையாளர். 1950களில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில், ஃபுளோறன்ஸ் நகருக்கு அருகே, நகரும் மணல்மேடுகள் வீதிகளையும் வீடுகளையும் மூடாதபடி புல் நட்டு அவற்றை நிலைநிறுத்தும் அரசாங்க வேலையைப் பார்த்து எழுதச் சென்றார். அந்தக் கட்டுரை முடியவில்லை, ஆனால் அதற்காகச் சேர்த்த தகவல்களிலிருந்துதான் 1965 இல் டியூன் நாவல் பிறந்தது. மணலைச் செடியால் கட்டலாம், ஒரு நிலத்தின் காலநிலையையே பல தலைமுறை உழைப்பால் திருப்பலாம் என்ற எண்ணம் அந்தக் கதை முழுவதும் ஓடுகிறது. விளையாட்டிலும் பாலைவனத்துக்குள் கைவிடப்பட்ட பழைய சூழலியல் ஆய்வு நிலையங்களுக்குள் நுழைந்து பார்க்கலாம்.

மாலை 7:39, பெரியப்பா:
சுனாமிக்குப் பின் முல்லைத்தீவுக் கரையில் சவுக்கு நட்டதும் அதே எண்ணத்தில்தான். மகன், எனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். தண்ணீர் குறைவாக உள்ள இடத்தில் ஆட்கள் பலர் இருந்தால், யார் எவ்வளவு எடுப்பது என்ற முறை இருக்க வேண்டும். இரணைமடுவில் சிறுபோகத்துக்கு முன் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானித்த பிறகே வாய்க்காலில் தண்ணீர் விடுவோம். 36 அடி நிறைந்த ஆண்டில் ஒரு பேச்சு, குறைந்த ஆண்டில் வேறு பேச்சு. அப்படி ஏதாவது அங்கே உண்டா?

மாலை 7:58, நான்:
தண்ணீரைப் பங்கிடும் கூட்டம் இல்லை, பெரியப்பா. ஒவ்வொருவரும் தம் தேவையைத் தாமே தேட வேண்டும், குழுவாகச் சேர்ந்தால் வீட்டுக்குள் பொதுவாகச் சேமிக்கலாம். ஆனால் அரசியல் கூட்டம் ஒன்று உண்டு. லான்ஸ்ராட் என்ற பிரபுக்கள் சபையின் ஆதரவுக்காக அட்ரெய்டிஸ், ஹார்கொன்னென் என்ற இரண்டு வம்சங்களும் போட்டியிடும். வென்ற தரப்பு அந்த வாரத்துக்கான ஆணை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், அது எல்லோரையும் பாதிக்கும். நீங்கள் சொல்லும் கூட்டத்தைப் போலத் தண்ணீரின் அளவை வைத்து முடிவெடுக்கும் ஒரு முறையையும் அவர்கள் பின்னாளில் சேர்த்தால், அது எங்களுக்கு மிக நெருக்கமான விளையாட்டாகிவிடும்.

மாலை 8:05, மச்சான் (ரொறன்ரோ):
இங்கே சனிக்கிழமை காலை. நான் நாவலை இரண்டு முறை வாசித்தவன் என்பதால் ஒரு விடயம் எனக்கு உறுத்துகிறது. போல் அட்ரெய்டிஸ் பிறக்கவே இல்லை என்று வைத்துக் கதை தொடங்குகிறது என்கிறார்களே, நாயகனை நீக்கிவிட்டால் மீதமிருப்பது டியூனா?

மாலை 8:22, நான்:
மச்சான், இணைய விளையாட்டுக்கு அதுவே மிகச் சிறந்த முடிவு என்பது என் கருத்து. நாவலின் பாதையிலேயே கதை ஓடினால், நாங்கள் ஆயிரக்கணக்கானோர் ஒரே இரட்சகனுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். இங்கே போலின் தாயாக இருந்திருக்க வேண்டிய ஜெசிக்கா, பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் சங்கத்தின் கட்டளைப்படி மகனுக்குப் பதிலாக மகளைப் பெறுகிறாள். அந்த ஒரு மாற்றத்தால் அட்ரெய்டிஸ் வம்சத் தலைவரான டியூக் லெட்டோ உயிர் தப்புகிறார், இரண்டு வம்சங்களுக்கும் இடையிலான போர் முடிவின்றி நீள்கிறது, பாலைவன மக்களான ஃபிறெமன் எங்கே போனார்கள் என்பதே தெரியவில்லை. அவர்களைத் தேட அனுப்பப்படும் ஒரு கைதியாக நீங்கள் அந்த மண்ணில் விழுகிறீர்கள். நாயகனின் இடம் வெறுமையாக இருப்பதால்தான் சாதாரண ஆட்களான எங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

மாலை 8:30, சின்னம்மா:
நீங்கள் எல்லோரும் ஆர்வமாகப் பேசுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் போர் நீள்கிறது என்று எழுதியதை வாசித்ததும் எனக்கு மனம் கலங்கியது. எங்கள் வீட்டில் அம்மம்மாவுக்கு இன்றும் வெடிச்சத்தம் கேட்டால் உடல் நடுங்குகிறது. இவன் நாள்முழுக்கச் சுடுகிற விளையாட்டில் இருப்பதை நான் எப்படி அனுமதிப்பது? உயர்தர வகுப்பும் தொடங்க இருக்கிறது.

மாலை 8:49, நான்:
சின்னம்மா, உங்கள் கவலை முழுவதும் நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டு நான் பேசமாட்டேன். சண்டை இல்லாத விளையாட்டு என்று சொன்னால் அது பொய்யாகும். துப்பாக்கியும் வாளும் உண்டு, கொள்ளையரோடு மோத வேண்டியும் வரும். ஆனால் தொடக்க நிலப்பரப்பான ஹக்கா பேசினில், கப்பல் விழுந்து கிடக்கும் சில இடங்களைத் தவிர, மற்ற வீரர்கள் உங்களைத் தாக்க முடியாது. மனிதரோடு மனிதர் மோதுவது பெரும்பாலும் ஆழ்பாலைவனம் என்ற தனிப் பகுதியில்தான், அங்கே போகாமலேயே வீடு கட்டலாம், உலோகம் தேடலாம், ஓர்னிதொப்டர் என்ற சிறகடிக்கும் வானூர்தியைச் செய்து பறக்கலாம். தம்பி ஹெட்செட் இல்லாமல் விளையாடக் கூடாது என்பதை நான் பெரியவனாக நின்று பார்த்துக்கொள்கிறேன். அம்மம்மாவின் காதில் ஒரு சத்தமும் விழக் கூடாது. வகுப்புத் தொடங்கினால் வார இறுதியில் மட்டும் என்று இப்போதே முடிவு செய்வோம்.

மாலை 8:55, தம்பி:
அம்மா, அண்ணா சொன்ன இரண்டுக்கும் நான் சம்மதிக்கிறேன். எனக்குச் சண்டையைவிட வீடு கட்டுவதில்தான் விருப்பம். நாங்கள் கட்டிய வீட்டின் வரைபடத்தைச் சேமித்து வேறு இடத்தில் மீண்டும் எழுப்பலாம் என்று காட்டியிருந்தார்கள்.

மாலை 9:03, சின்னம்மா:
சரி, வட்டக்கச்சி அத்தானும் சொல்லட்டும். செலவு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.

மாலை 9:20, நான்:
சாதாரணப் பதிப்பு 49.99 அமெரிக்க டொலர். அது இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 15,000 ரூபா. எங்கள் பிராந்தியத்துக்கு, விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் காட்டும் தொகையைப் பார்த்தே இறுதி முடிவு எடுக்கலாம். மாதச் சந்தா கிடையாது, இதை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன், ஏனெனில் மாதாமாதம் டொலரில் அட்டையிலிருந்து கழியும் விளையாட்டை எங்கள் வீடுகளில் யாரும் தாங்க முடியாது. 69.99 டொலருக்கு விற்கும் பதிப்பை வாங்கினால் ஜூன் 5 இலேயே தொடங்கலாம். ஐந்து நாள் முந்துவதற்கு அவ்வளவு கொடுப்பது வீண்செலவு.

கணினியைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் யோசனை. அன்றியல் எஞ்சின் 5 என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் செய்யப்பட்டதால் குறைந்தபட்சத் தேவையே 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 அளவிலான கிராஃபிக்ஸ் அட்டை, 60 ஜிபி இடம். எங்கள் பக்கத்துக் கடைகளில் பழையதாக விற்கும் அலுவலகக் கணினிகள் பலவற்றில் தனிக் கிராஃபிக்ஸ் அட்டையே இருக்காது. தம்பி, உன் கணினியில் ரேம் 8 ஜிபிதான் என்று நினைக்கிறேன். காசு கொடுக்கும் முன்பே சோதித்துப் பார்க்க, ஸ்டீமில் இலவசமாக ஒரு பெஞ்ச்மார்க், அதாவது கணினியின் திறனை அளக்கும் நிரல், வைத்திருக்கிறார்கள், கதாபாத்திரத்தையும் அதிலேயே உருவாக்கலாம். நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் டேட்டாவில் அதைப் பதிவிறக்கி ஓடவிட்டு, வரும் எண்ணை எனக்கு அனுப்பு. பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதை நினைவில் வைத்து, கணினிக்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ் வைத்துக்கொள்வதும் நல்லது.

மாலை 9:31, மச்சாள்:
அப்படியானால் முன்பதிவு செய்ய வேண்டாம் என்கிறீர்களா, அத்தான்?

மாலை 9:40, நான்:
செய்ய வேண்டாம். ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திரும்பப் பெறலாம். முதலில் ஒருவர் வாங்கி, எங்கள் இணைப்பில் அது எப்படி ஓடுகிறது என்று அந்த இரண்டு மணிநேரத்துக்குள் சொன்னால் போதும். அந்த ஒருவராக நான் இருக்கிறேன். மே மாதத்தில் நடக்கும் பீட்டா வார இறுதியில் மற்றவர்கள் விளையாடுவதை நேரலையில் பார்த்தாலும் நிறையத் தெரிந்துவிடும்.

மாலை 9:52, மச்சான்:
நாங்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சந்திப்பது எப்படி? நான் வட அமெரிக்க சேர்வரைத் தெரிவுசெய்தால் தூரத்தால் உங்கள் இணைப்பில் தாமதம் வரும், ஆசியாவைத் தெரிவுசெய்தால் எனக்கு வரும்.

மாலை 10:11, நான்:
இதுதான் நாங்கள் இப்போதே பேசித் தீர்க்க வேண்டியது, ஏனெனில் கதாபாத்திரத்தை ஓர் உலகத்தில் உருவாக்கிய பின் இடம் மாறுவது எளிதாக இருக்காது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஓர் உலகம் என்பது பல ஹக்கா பேசின் சேர்வர்களின் தொகுப்பு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 40 பேர்தான் ஒரே நேரத்தில் இருப்பார்கள். அராக்கீன் நகரும், ஹார்கோ கிராமமும், ஆழ்பாலைவனமும் அந்த உலகம் முழுவதற்கும் பொது. ஆகவே ஒரே உலகத்தைத் தெரிவுசெய்தால் மட்டும் போதாது, அதற்குள் ஒரே பேசினையும் தெரிவுசெய்தால்தான் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்ட முடியும். தொடக்க நாளில் அவை வேகமாக நிரம்பும். வேகம் தேவைப்படும் மோதல்களைத் தவிர்த்து, கட்டுவதும் சேகரிப்பதுமாக இருந்தால் கொஞ்சத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதால், நாங்கள் நால்வர் இங்கே இருப்பதைக் கருதி ஆசியாவை வைத்துக்கொள்வோமா, மச்சான்?

மாலை 10:16, மச்சான்:
ஆசியாவே சரி. நீங்கள் இரவு விளையாடும் நேரம் எனக்குக் காலை, வார இறுதியில் நான் எழுந்து வந்துவிடுவேன். ஊரைவிட்டு வந்த பிறகு உங்கள் எல்லோரோடும் சேர்ந்து ஒரு வேலை செய்ய எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

மாலை 10:20, பெரியப்பா:
சனிக்கிழமைகளில் விளையாடுவதற்கு எனக்கும் சம்மதம், தங்கச்சி. வகுப்பு உள்ள நாட்களில் வேண்டாம். அந்தக் காற்றிலிருந்து ஈரம் பிடிக்கும் பொறியை இவர்கள் கட்டும் நாளில் என்னையும் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மாலை 10:24, சின்னம்மா:
அத்தான் சொன்னால் சரி. ரேம் வாங்கும் காசை நான் தருகிறேன். விளையாட்டின் விலையை இவன் தன் சேமிப்பில் இருந்து எடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை, 27 ஏப்ரல் 2025

காலை 7:05, தம்பி:
[படம்]
அண்ணா, இரவு முழுவதும் பதிவிறக்கி, பெஞ்ச்மார்க்கை ஓட்டிப் பார்த்தேன். மிகக் குறைந்த தரத்தில் வைத்தும் பல இடங்களில் படம் நின்று நின்றுதான் ஓடியது. ரேம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கதாபாத்திரத்தை உருவாக்கிச் சேமித்துவிட்டேன்.

காலை 7:22, நான்:
படத்தைப் பார்த்தேன். கிராஃபிக்ஸ் அட்டை தாங்கும், நினைவகம்தான் நிரம்பி வழிகிறது. செவ்வாய்க்கிழமை கணினியைக் கிளிநொச்சிக்குக் கொண்டுவா, இன்னுமொரு 8 ஜிபி பொருத்திவிட்டு மறுபடியும் ஓட்டிப் பார்ப்போம்.